‘அப்போஸ்’ என்ற வினைச்சொல்லின் பின்னணி

ஆங்கிலத்தில் ‘அப்போஸ்’ என்றால் எதிர்ப்பது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரே பொருளோடு நின்றுவிட்டால் அதன் உறவுக்காரச் சொற்கள் பலவும் இடறும். ‘ஆப்போசிட்’டில் இருக்கும் கட்டடம் நம்மை எதிர்ப்பதில்லை. ‘அஸ் அப்போஸ்டு டு’ என்று இரண்டு பொருள்களை வேறுபடுத்திச் சொல்லும்போது அங்கே சண்டை எதுவும் இல்லை. வியாழன் கோள் ‘ஆப்பொசிஷனுக்கு’ வருகிறது என்கிறார்கள். மனிதக் கட்டைவிரல் ‘அப்போசபிள்’ என்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எதிர்ப்பு அல்ல, எதிரே இருப்பது. சண்டை என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மூலம் லத்தீன் ‘ஓப்போனெரே’. ‘ஓப்’ என்றால் எதிரே, முன்னால். ‘போனெரே’ என்றால் வை. ஒன்றுக்கு எதிரே இன்னொன்றைக் கொண்டுபோய் வைப்பது, அவ்வளவுதான். அந்த முன்னொட்டின் இயல்பான வடிவம் வல்லொலியான ‘p’யில் அல்ல, மென்மையான ‘b’யில் முடியும் ‘ob’. அடுத்து வரும் மெய்க்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொள்ளும். நம் புணர்ச்சி விதி போலத்தான். ‘ஆப்ஜெக்ட்’, ‘ஆப்ஸ்டகிள்’ ஆகியவற்றில் இயல்பான வடிவம் அப்படியே நிற்கிறது. ‘அக்கர்’ (நிகழ்வது), ‘ஆஃபர்’ ஆகியவற்றில் அடையாளமே தெரியாமல் திரிந்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘அப்போஸ்’ இரண்டு ‘ப்’ கொண்டு வருவதற்கும் இதுவே காரணம்: ஒன்று முன்னொட்டுக்கு, இன்னொன்று வினைக்கு.

இந்த முன்னொட்டு எப்போதும் பகை காட்டுவதில்லை. ‘ஆப்பர்ச்சூனிட்டி’யிலும் இதேதான் இருக்கிறது. அதன் லத்தீன் மூலம் துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றைக் குறித்தது. கப்பலுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன? தமிழின் ‘எதிர்’ இதே இரட்டை வாழ்க்கை வாழ்கிறது. எதிர்வீட்டுக்காரர் எதிரி அல்ல. விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கிறோம். இனி வரப்போவதை எதிர்காலம் என்கிறோம். அதனால் ‘அப்போஸ்’ குடும்பத்தைப் புரிந்துகொள்ள ஆங்கில அகராதியைவிட இந்த ஒரு தமிழ்ச் சொல் நன்றாக உதவும்.

இதுவரை எளிது. குழப்பம் பின்பாதியில் இருக்கிறது. ‘போனெரே’யிலிருந்து வந்திருந்தால் ஆங்கில வினை ‘அப்போன்’ என்றல்லவா முடிய வேண்டும்? ‘போஸ்ட்போன்’ அப்படித்தான் முடிகிறது. ‘போஸ்’ எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சிலிருந்து. பிற்கால லத்தீனில் ‘பவ்சாரே’ என்றொரு வினை இருந்தது. பொருள் நிற்பது, ஓய்வது. அதற்கும் மூலம் கிரேக்கம். ஆங்கில ‘பாஸ்’, அதாவது இடைநிறுத்தம், அந்த வேரின் கிளை. அந்த வினை பிரெஞ்சில் ‘போசே’ ஆனது. ஓய வைப்பது மெல்ல, கீழே வைப்பது என்றாகி, கடைசியில் வெறும் வைப்பது என்றாகிவிட்டது. லத்தீன் ‘போனெரே’யின் இறந்தகால எச்ச வடிவம் ‘பொசிதுஸ்’. ஒலியும் நெருக்கம், பொருளும் நெருக்கம். கூட்டு வினைகளில் ‘போனெரே’யின் நாற்காலியில் ‘போசே’ ஏறி உட்கார்ந்துகொண்டது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது இப்படிக் கலந்த பிள்ளைதான்: பொருள் ஒரு வேரிலிருந்து, உருவம் சம்பந்தமே இல்லாத இன்னொரு வேரிலிருந்து.

இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயனும் உண்டு. வினையில் பிரெஞ்சு உருவம், பெயர்ச்சொல்லில் லத்தீன் உருவம் என்பது இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும். ‘கம்போஸ்’ செய்தால் ‘காம்பொசிஷன்’, ‘எக்ஸ்போஸ்’ செய்தால் ‘எக்ஸ்பொசிஷன்’, ‘இம்போஸ்’ செய்தால் ‘இம்பொசிஷன்’. ஆளையோ உறுப்பையோ குறிக்கும்போது மூல வேரின் ‘ன’கரம் திரும்ப எட்டிப் பார்க்கும்: ‘அப்போனன்ட்’, ‘ப்ரொப்போனன்ட்’, ‘கம்போனன்ட்’. எதிராளியைக் குறிக்க ‘அப்போசர்’ என்ற சொல்லும் இருக்கிறது, தவறில்லை. ஆனால் புழக்கத்தில் ‘அப்போனன்ட்’ வென்றுவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த வினையின் பழைய பொருள்களில் ஒன்று இன்று வழக்கில் இல்லை: கேள்வி கேட்டு மடக்குவது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தேர்வு என்பதே சொற்போர். ஒருவர் கருத்தை நிறுவிக் காப்பார், இன்னொருவர் அதற்கு எதிர்வாதங்களை வரிசையாக அடுக்குவார். எதிர்வாதம் வைப்பவர்தான் ‘அப்போனன்ட்’. அது அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு. மாணவரைப் பிடிக்காது என்று பொருளல்ல. சுவீடனிலும் பின்லாந்திலும் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டைக் குடைந்து கேள்வி கேட்கும் வெளியாளுக்கு இன்றும் அதுதான் பதவிப்பெயர். விடை காண முடியாத கேள்வியை ஆங்கிலத்தில் ‘போசர்’ என்பதும் இந்தத் தேர்வறை வழக்கின் மிச்சமே. முன்னொட்டு மட்டும் தேய்ந்து போயிற்று.

வானத்துக்கு வருவோம். ‘ஆப்பொசிஷன்’ ஆங்கிலத்தில் முதலில் குறித்தது இதைத்தான், அரசியல் எல்லாம் வெகு பின்னால். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம், 180 பாகையில் ஒரு கோள் நிற்பது. சூரியன் மறையும்போது அது உதிக்கும், இரவு முழுக்கத் தெரியும். வியாழன் சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை இப்படி வருகிறது, செவ்வாய் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை. புதனும் வெள்ளியும் ஒருபோதும் வராது, அவற்றின் பாதை பூமியின் பாதைக்கு உள்ளே இருப்பதால். முழுநிலவு என்பதும் நிலவின் ‘ஆப்பொசிஷன்’தான். ‘டையமெட்ரிக்கலி அப்போஸ்டு’ என்ற தொடரிலும் இதே வடிவியல்: ஒரு வட்டத்தின் விட்டத்தின் இரு முனைகள்.

உடற்கூற்றியலில் கட்டைவிரலின் நுனிச்சதையை மற்ற விரல்களின் நுனிச்சதைக்கு நேர் எதிரே கொண்டுவந்து தொடுவதற்கு இந்தச் சொல். அந்த அசைவைச் செய்யும் தசையின் பெயரிலேயே ‘ஒப்போனென்ஸ்’ உண்டு.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் ஆப்பொசிஷன்’ என்ற தொடரை 1826-இல் உறுப்பினர் ஜான் காம் ஹாப்ஹவுஸ் பாதி வேடிக்கையாகச் சொன்னார். அது நிலைத்துவிட்டது. 1937-இல் பிரிட்டன் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி சம்பளமே கொடுக்கத் தொடங்கியது.

இனிப் பயன்பாடு. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘அப்போஸ்’ செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும்: ‘தே அப்போஸ் தி பிளான்’. நடுவில் ‘டு’வும் வேண்டாம், ‘அகைன்ஸ்ட்’டும் வேண்டாம். முன்னொட்டிலேயே ‘எதிரே’ இருக்கும்போது ‘அகைன்ஸ்ட்’ சேர்ப்பது ஒரே பொருளை இரண்டு முறை சொல்வது. தவறு ஏன் வருகிறது? ‘திட்டத்தை எதிர்க்கிறார்கள்’ என்று நினைத்து எழுதினால் ஆங்கிலமும் சரியாக வந்துவிடும். ‘திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள்’ என்று மனம் போனால், அந்த நான்காம் வேற்றுமை ஆங்கிலத்தில் ‘டு’வாக முளைத்துவிடுகிறது.

‘டு’வுக்கு உரிய இடம் வேறு. ‘தே ஆர் அப்போஸ்டு டு தி பிளான்’ சரி. அங்கே ‘அப்போஸ்டு’ நிலையைச் சொல்லும் பெயரடை. அந்த ‘டு’வுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ வடிவம்தான் வர வேண்டும்: ‘அப்போஸ்டு டு ரெய்சிங்’. வெறும் ‘ரெய்ஸ்’ போடுவது மிகப் பரவலான பிழை. ‘அப்போஸ்’ஸுக்குப் பின் ‘தட்’ என்று ஒரு முழு வாக்கியத்தையும் தொங்கவிட முடியாது. காரணத்தோடு மறுப்பைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஆப்ஜெக்ட்’ இருக்கிறது: ‘ஹி ஆப்ஜெக்டட் தட்...’ என்று தாராளமாக நீட்டலாம்.

‘ஆப்ஜெக்ட்’டின் மூலப்பொருள் எதிரே எறிவது. ‘ரெசிஸ்ட்’ என்பது நின்று தாங்குவது. ‘அப்போஸ்’ கருத்தளவில் முடிந்துவிடலாம், ‘ரெசிஸ்ட்’டுக்கு எதிரே ஒரு விசை வந்து முட்ட வேண்டும். ‘ப்ரொடெஸ்ட்’டின் மூலப்பொருளில் எதிர்ப்பே கிடையாது, அது சபையறியச் சாட்சி சொல்வது. அதனால்தான் தான் குற்றமற்றவன் என்று வலியுறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினை. ‘வித்ஸ்டாண்ட்’ மட்டும் லத்தீன் கலக்காத பழைய ஆங்கிலம். அதில் ‘வித்’ என்றால் ‘உடன்’ அல்ல, ‘எதிராக’. பழங்காலத்தில் அதுதான் அந்தச் சொல்லின் முதன்மைப் பொருள்; ‘ஃபைட் வித்’ என்றால் சேர்ந்து போரிட்டார்களா, எதிர்த்துப் போரிட்டார்களா என்ற மயக்கம் அதன் எச்சம்.

உச்சரிப்பில் ஒரு சிக்கல்: அழுத்தம் ஊர்ந்துகொண்டே போகும். ‘அப்போஸ்’, ‘அப்போனன்ட்’ இரண்டிலும் இரண்டாம் அசையில், ‘ஆப்போசிட்’டில் முதல் அசையில், ‘ஆப்பொசிஷன்’னில் மூன்றாம் அசையில். ‘ஆப்போசிட்’ பழகிய நாக்கு ‘அப்போனன்ட்’டையும் முதல் அசையில் அழுத்தி ‘ஆப்பனன்ட்’ ஆக்கிவிடும். ‘அப்போஸ்’ஸின் கடைசி ஒலி தமிழ் ‘ஸ்’ அல்ல, தேனீயின் ரீங்காரம் போன்ற அதிரும் ஒலி. எழுதும்போது ‘ஆப்போசிட்’டின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். அதை ‘ஏ’ என்று மாற்றிவிட்டால் ‘ஆப்பசிட்’ என்ற வேறு சொல்லாகிவிடும். அதன் பொருள் மிகப் பொருத்தமானது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இரண்டையும் சரி என்றே விட்டுவிடும்.