சில்வர் ஃபில்லிங்கும் பெரிய வாய்க்காலும்

பல்லில் இருக்கும் பழைய சில்வர் ஃபில்லிங்கை (அமால்கம்) பார்த்துப் பயந்து எடுக்கச் சொல்லாதீர்கள். எடையில் பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஆனால் இறுகிய பிறகு கசிவது மிகச் சொற்பம். ஆவி கூடுதலாகக் கிளம்புவது வைக்கும்போதும் குடைந்தெடுக்கும்போதும்தான். விழுங்கிய துணுக்கு பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மூச்சில் போகும் ஆவியோ சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும்.

உடைந்துபோய் எடுத்தே ஆகவேண்டுமென்றால் ரப்பர் டேம் (பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பு) கட்டி, தண்ணீர் பீச்சிக்கொண்டே, பெரிய சக்ஷன் குழாயைப் பல்லை ஒட்டிப் பிடிக்க வேண்டும். பொடியாக அரைக்காமல் துண்டு துண்டாக வெட்டிப் பெயர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதைத் தள்ளிப்போடலாம். அவர்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் புதிதாக வைப்பதைத் தவிர்க்க, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-ல் முடிவெடுத்தன. இந்தியா அதில் 2018-லேயே சேர்ந்துவிட்டது. மாற்றாக ஜி.ஐ.சி. (கிளாஸ் அயனோமர் சிமென்ட்), பல் நிறப் பிசினான காம்போசிட் இருக்கின்றன. காம்போசிட் வைக்கும் நேரத்தில் எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. ஓரத்தில் மறுபடி சொத்தை விழும்.

எனக்கு உண்மையான கவலை, துப்பும் கிண்ணத்துக்குக் கீழே இருக்கும் குழாயைப் பற்றித்தான். அதில் இறங்கும் ஃபில்லிங் துகள், புதுச்சேரியில் ஊருக்குள் ஓடும் பெரிய வாய்க்கால் வழியாகவும், கடலூரில் உப்பனாறு வழியாகவும் கடலைத் தொட வாய்ப்புண்டு. காற்றில்லாத கறுப்புச் சேற்றில் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற, உயிர்களின் உடலில் தங்கும் நச்சாக மாற்றும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். மத்தி, நெத்திலியில் குறைவு; சுறாவில் அதிகம்.

கிளினிக் வைத்திருப்பவர்கள் கழிவுநீரிலிருந்து அமால்கத்தைப் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 11143 தரத்துப் பிரிப்பான் பொருத்துங்கள், துகளில் 95 சதவீதத்தையாவது பிடித்துவிடும். மிஞ்சிய அமால்கத்தையும் அது வந்த காலி கேப்சூலையும் இறுக மூடும் பாட்டிலில் தனியாகச் சேர்த்துவையுங்கள். எரிக்கப் போகும் மஞ்சள் பையில் போட்டால் பாதரசம் புகையோடு வெளியே வந்துவிடும். ஃபில்லிங் உள்ள பிடுங்கிய பல்லை, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் அறைக்குள்ளேயே ஆவி. சக்ஷன் குழாயைப் பிளீச்சிங் கரைசலால் கழுவவும் கூடாது. குளோரின், துகளிலிருந்து பாதரசத்தைக் கரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும்.

பாதரசம் தரையில் உருண்டால் துடைப்பம் தொடாதீர்கள், ஒரு மணி நூறு மணியாகச் சிதறும். தங்க மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, இரண்டு தடித்த அட்டையால் ஒன்றுகூட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். தரை இடுக்கில் நின்றதன்மேல் கந்தகப் பொடி தூவி, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியையும் அந்த பாட்டிலிலேயே போடுங்கள்.