கீல் கரையில் ஒரு நீர்மூழ்கி

பினாங்கில் நம்மோடு படித்த யாரும் வரலாற்று வாத்தியாரை மறந்திருக்க மாட்டார்கள். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சுவெட்டன்ஹாம் துறையிலே போய் நின்னு பாருங்கடா, ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் நீர்மூழ்கியைக் கொண்டுவந்து கட்டின இடம் அது" என்பார். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் வந்த நேதாஜியை நடுக்கடலில் ஏற்றிவரப் போன ஜப்பானியரின் ஐ-29 நீர்மூழ்கி, 1943 ஏப்ரலில் நம் ஊரிலிருந்துதான் புறப்பட்டது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஹாம்பர்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, லபோவுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். கீல் துறைமுகத்துக்கு வெளியே, கடலோரத்தில் சின்ன ஊர். கடற்படை நினைவுக் கோபுரத்துக்கு எதிரே மணலில் நிற்கிறது யு-995 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி. 1943இல் பணியில் சேர்ந்த கப்பல். போருக்குப் பிறகு நார்வே கடற்படையில் இருந்தது. 1972 முதல் அருங்காட்சியகம். நேதாஜி கீலில் ஏறியது யு-180இல். அது இதைவிட 20 மீட்டர் நீளம். அதுவும் சரி, ஐ-29உம் சரி, 1944இலேயே கடலில் அழிந்துபோய்விட்டன. அதனால் அந்தப் பயணத்தைக் கொஞ்சமாவது உணர்ந்து பார்க்க, எனக்குக் கிடைத்த இடம் இதுதான்.

பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்க வேண்டும். கப்பல் 67 மீட்டர். ஆனால் நடக்கக் கிடைப்பது ஓர் ஆள் அகலம். இரண்டு டீசல் எஞ்சின்களுக்கு நடுவே தோளை ஒடுக்கிக்கொண்டு போனேன். அப்புறம் இரும்புச் சுவரில் வட்டமாக ஒரு துளை. தலையைக் குனிந்து, ஒரு காலை முதலில் உள்ளே விட்டு, மேலே பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். "மெதுவாப்பா" என்று மகள் கையைக் கொடுத்தாள். முன்னறையில் டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கை. ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் அதே படுக்கையில் அடுத்தவர். ஏறக்குறைய 50 பேருக்கு இரண்டே கழிப்பறை. அதிலும் ஒன்றில், புறப்படும்போது உணவுப் பொருளை அடுக்கிவிடுவார்களாம்.

இப்படிப்பட்ட ஓர் இரும்புக் குழாய்க்குள் இரண்டரை மாதம் இருந்திருக்கிறார் நேதாஜி. சும்மாவும் இருக்கவில்லை. கூட வந்த உதவியாளர் அபித் ஹசனை உட்கார வைத்து எழுத்து வேலை பார்த்துக்கொண்டே வந்தார். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கொந்தளிக்கும் கடலில், இருவரும் ரப்பர் படகில் ஐ-29க்கு மாறினார்கள். மே மாதம் சுமத்ராவின் வடமுனைக்கு அருகே உள்ள சபாங்கில் கரையேறினார்கள். ஜூலையில் சிங்கப்பூர். அங்கே அவர் தலைமை ஏற்றதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண்களும் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். பினாங்குப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பள்ளியிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் சங்கத்தில் பலர் வீட்டில் ஐ.என்.ஏ.வில் இருந்த தாத்தாவோ பாட்டியோ இருந்திருப்பார்கள். அவர்கள் சொன்னதை அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் ஸ்கேன் செய்து, பின்னால் எழுதியிருப்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.