அரியெட்டாவில் தொடங்கி: கிரீக்குடன் மூன்று மாதம்

நார்வேக்காரர் எட்வர்ட் கிரீக் (1843–1907) பியானோவுக்கு எழுதிய 'லிரிக் பீசஸ்' மொத்தம் 66 குட்டி உருப்படிகள், 10 தொகுதிகள். 1867-இல் வந்த முதல் தொகுதியில் இரண்டையாவது வாசித்துவிடுவது என்று கீபோர்டு முன் உட்கார்ந்தேன்.

முதலில் 'அரியெட்டா'. ஒரே பக்கம்தான், ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் இழுத்தது. மேலே மெட்டு, கீழே பேஸ், நடுவே இரு கைகளும் மாறி மாறிப் பங்குபோட்டு வாசிக்க வேண்டிய சின்னச் சின்ன ஸ்வரங்கள். எனக்கு அந்த நடுப்பகுதிதான் சத்தமாக வந்தது. மெட்டு அமுங்கிப் போனது. கடைசியில் நடு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து, கார்டாக (chord) அழுத்திக்கொண்டு, மெட்டை வாய்விட்டுப் பாடினேன். அப்புறம்தான் வழிக்கு வந்தது. வலது சுண்டுவிரல் மட்டும் இன்னும் சோம்பேறி.

கிரீக் என்றாலே நார்வே நாட்டுப்புற இசை என்பார்கள். சரி, அது எங்கே? அரியெட்டாவில் அது எனக்குக் கேட்கவில்லை. 15 வயதில் லைப்சிக் போய் ஜெர்மன் முறையில் படித்தவர். கோபன்ஹேகனில் சக நார்வே இசையமைப்பாளர் ரிக்கார்ட் நூர்ட்ராக்கைச் சந்தித்த பிறகுதான் சொந்த ஊர் மெட்டுகள் பக்கம் முழுமனதாகத் திரும்பினார்.

அதே தொகுதியின் ஆறாவது உருப்படி 'நார்வேஜியன்' அந்தக் குறையைத் தீர்த்தது. இடது கையில் ச–ப, தம்புரா மாதிரி. நார்வேயில் அது ஹார்டங்கர் பிடில் என்ற நாட்டுப்புற வயலினின் வேலை. அந்த வாத்தியத்தில் வில் படும் நான்கு தந்திகளுக்கு அடியில் இன்னும் சில தந்திகள் தாமாகவே அதிரும். பெடலை அமுக்கி அந்த அதிர்வைக் கொண்டுவரப் பார்த்தேன், கூழாகிவிட்டது. பெடலை விட்டு, ச–ப-வை அழுத்தமாகத் தட்டியபோதுதான் ஆட்டம் வந்தது. வேகம் இன்னும் பாதிதான்.

இன்னொன்று: கிரீக்கிடம் மேல் ச-விலிருந்து நி, ப என்று இறங்கும் பழக்கம் உண்டு. 1868-இல் எழுதிய பியானோ கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவுடன் பியானோ வாசிக்கும் உருப்படி) தொடங்குவதே அப்படித்தான். நார்வே நாட்டுப்பாடல்களிலும் இந்த இறக்கம் நிறைய வரும். ஒருமுறை காதில் விழுந்தால் அப்புறம் எங்கும் அதுதான்.

நார்வேயின் தெலெமார்க் பகுதியைச் சேர்ந்த முதிய பிடில் கலைஞர் க்னூட் டாலே வாசித்ததை வைத்து கிரீக் அமைத்த 17 ஆட்ட மெட்டுகளையும் (ஓபஸ் 72, அதாவது அவருடைய படைப்பு வரிசையில் 72) திறந்து பார்த்தேன். உடனே மூடிவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது 66-ஆவது உருப்படி. 1901-இல், 34 வருஷம் கழித்து, அரியெட்டாவின் அதே மெட்டை வால்ட்ஸாக, மூன்று எண்ணிக்கை ஆட்டமாக, மாற்றியிருக்கிறார். மெட்டு விரலுக்குத் தெரியும். மூன்று எண்ண வேண்டிய இடத்தில் அது இரண்டிலேயே நின்றுவிடுகிறது.