நிலவறையில் 12 டிகிரி

ஜூலை 11, 2022, திங்கள்
பழுது பார்க்க வந்த பப்பில் பீர் நிலவறை 15.6. செட் பண்ணியிருப்பது 12. மேலே குழாயைத் திறந்தால் பீருக்குப் பதில் நுரைதான் வருகிறது. காஸ்க் ஏலுக்கு, அதாவது பீப்பாயிலேயே பதமாகும் பீருக்கு, 11 முதல் 13 வரைதான் சரிப்படும். ஏறினால் கெட்டுப்போகும், இறங்கினால் கலங்கும்.
குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயில் முழுக்க ஒரே சீராகப் பனி. அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டவில்லை, வேண்டுமென்றேதான். காற்று குறைந்தாலும் கம்ப்ரஸர் இழுக்கும் பக்கத்து அழுத்தமான சக்‌ஷன் இறங்கும், குளிரூட்டும் கேஸ் குறைந்தாலும் இறங்கும். முள்ளை மட்டும் நம்பினால் கேஸ் ஏற்றத்தான் கை போகும். முன்பு வந்தவர்களுக்கு அப்படித்தான் போயிருக்கிறது. கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வில் பித்தளை மூடியைக் காணோம்.
கம்ப்ரஸரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட விட்டேன். உருக மூன்றரை மணி நேரம். ஸ்க்ரூடிரைவரால் பனியைக் குத்துகிறவன் காயிலையும் சேர்த்துக் குத்துவான்.

ஜூலை 12
இரண்டு ஃபேனில் ஒன்று சோம்பிச் சுற்றுகிறது. மின்சாரத்தை நிறுத்தி, கேபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து அளந்தால் 1.2 மைக்ரோஃபாராட். மேலே எழுதியிருப்பது 2. மாற்றியதும் ஃபேன் பிடித்துக்கொண்டது. காயிலுக்கு நேர் எதிரே ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அகற்றச் சொன்னேன். மறுபடி அடுக்குவார்கள்.

ஜூலை 13
12.9.

ஜூலை 14
14.2. நேற்றே சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.
ஆனால் இன்று பனி வேறு மாதிரி. கேஸைக் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை ஒட்டிய முதல் இரண்டு வரிசையில் மட்டும் பனி, மீதிக் காயில் காய்ந்து கிடக்கிறது. காற்று குறைவென்றால் முழுக்கப் பிடித்திருக்கும். இது கேஸ் குறைவு. இப்போது கேஜ் மாட்டலாம்.
கேஸ் ஆர்134ஏ. சக்‌ஷன் 0.9 பார்; அந்த அழுத்தத்தில் கேஸ் கொதிப்பது மைனஸ் 11-இல். சக்‌ஷன் பைப்பில் 8 டிகிரி. இரண்டுக்கும் இடைவெளி, அதாவது சூப்பர்ஹீட், 19; ஆறு ஏழு இருந்தால் போதும். திரவம் ஓடுவதைக் காட்டும் கண்ணாடியில், அதாவது சைட் கிளாஸில், குமிழி. ஈரம் உறிஞ்சும் டிரையர் அடைத்தாலும் குமிழி வரும் என்பதால் அதன் இரு முனைகளையும் அளந்தேன்: 31, 30.5. அடைப்பு இல்லை. எக்ஸ்பான்ஷன் வால்வு மூடிக்கொண்டிருந்தால் கண்ணாடி நிரம்பித் தெளிவாக இருக்கும். ஆக, கேஸ் போயிருக்கிறது. எங்கே?
முதல் நாள் ஃபேன் கோளாறு இதை மறைத்துவிட்டது.

ஜூலை 15
திங்கள், செவ்வாய்க்குச் சிவப்பு எச்சரிக்கை. வெயிலுக்காகச் சிவப்பு விடுவது பிரிட்டனில் இதுவே முதல் முறை.
கீழே இறங்குமுன் கதவைத் திறந்துவைத்து கார்பன் டையாக்சைடு மானியைப் பார்த்தாக வேண்டும். சிலிண்டர் நிற்கும் அறை. அதுவும் கனம், நம் கேஸும் கனம், இரண்டும் தரையில்தான் தேங்கும்.
குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட் ஒவ்வொன்றுக்கும் சோப்புத் தண்ணீர். எல்லாம் சுத்தம். கடைசியில் அந்த மூடியில்லாத வால்வு. உள்ளே டயர் வால்வில் இருப்பது போன்ற ஷ்ரேடர் ஊசியைச் சுற்றிப் பொடிப்பொடியாக நுரை. கேஸ் ஏற்றின வழியாகவே கேஸ் போயிருக்கிறது. முதல் நாளே கண்ணில் பட்டது, நான்தான் அங்கே கடைசியாகப் போனேன்.
கேஸை மீட்டு எடைபோட்டால் 1.5 கிலோ. தகட்டில் 2.4. ஊசியை மாற்றி, ரப்பர் வளையத்தோடு பித்தளை மூடி போட்டாயிற்று. டிரையரும் புதிது. இன்னும் கசிகிறதா என்று பார்க்க நைட்ரஜன் 10 பார் ஏற்றி ராத்திரிக்கு விட்டிருக்கிறது.

ஜூலை 16
காலையில் 9.8. பயந்துவிடக் கூடாது. ராத்திரி 6 டிகிரி இறங்கியிருக்கிறது, அதற்கே 0.2 குறையும். மதியம் 10.
வேக்கம், அதாவது உள்ளே இருப்பதைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது: அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி அரை மணி நேரம். ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி நின்றால் உள்ளே ஈரம். 420-இல் தொடங்கி 610-இல் நின்றது. ஈரம். மறுபடி நைட்ரஜன், மறுபடி வேக்கம்.

ஜூலை 17
தராசு வைத்து 2.4 கிலோ. சைட் கிளாஸைப் பார்த்துக் கேஸ் ஏற்றுகிற பழக்கம் எனக்கு ஆகாது. சக்‌ஷன் 2.1 பார், சூப்பர்ஹீட் 6. மாலை 12.3.
பெட்டிகள் மறுபடி காயிலுக்கு முன்னால்.

ஜூலை 18
வெளியே நிழலில் 36. சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் இருப்பது செங்கல் சுவர் சூழ்ந்த முற்றம், துப்பின சூட்டையே திரும்ப இழுக்கிறது. கம்ப்ரஸர் வெளித்தள்ளும் பக்கத்து அழுத்தம், அதாவது டிஸ்சார்ஜ், 14.6 பார்; அதில் கேஸ் திரவமாவது 57 டிகிரியில். 50-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. டார்ச் அடித்தால் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் கம்பளி மாதிரி தூசி. ஃபின் போகிற போக்கில் பிரஷ், காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து மெல்லத் தண்ணீர். அழுத்தம் 12.4-க்கு இறங்கியது. அறை 12.1.

ஜூலை 19
பகல் 1. முற்றத்தில் 40. டிஸ்சார்ஜ் 13.6. அறை 12.6.
2.30. டிஸ்சார்ஜ் 14.1. பெட்டிகளை நானே நகர்த்தினேன். கதவைத் திறக்காதே என்று எழுதி ஒட்டியாயிற்று.
3.15. 14.4. 16-ஐத் தொட்டால் ஹை-பிரஷர் கட் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். லிங்கன்ஷயரிலேயே கோனிங்ஸ்பியில் 40.3 என்கிறார்கள்.
4.05. 15.5. திடீரென்று ஒரு பார் ஏறுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. கண்டன்சர் ஃபேன் சத்தம் மாறியிருக்கிறது. அதன் கேபாசிட்டரை அளக்கவே இல்லை.