அப்பாவுக்கு வயிற்றில் பசை வைத்த கதை

அப்பா ஆயுசுக்கும் சாராயத்தைத் தொட்டதில்லை. இருபது வருஷ சர்க்கரையும் ஈரலில் படிந்த கொழுப்பும்தான் ஈரலைச் சுருக்கியிருக்கிறது. ரத்த வாந்தி எடுத்த அன்றைக்குத்தான் அது எங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் நாலு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது, உள்ளே கசிந்த ரத்தம்தான் அது, "சத்து மாத்திரை போடறேன்ல, அதான் கண்ணு" என்று மனுஷன் யாரிடமும் சொல்லவில்லை.

ஈரோட்டில் ரத்தம் ஏற்றி, ஊசி போட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு (எண்டோஸ்கோபி) பார்த்தார்கள். ஈரல் சுருங்கினால் அது வழியாக ரத்தம் சரியாகப் போக முடியாமல் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ரத்தக்குழாய்கள் வீங்கி வெடிக்குமாம். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடலாமாம், இது இரைப்பையின் மேல்கூரையில், பசை ஊசிதான் போட வேண்டும், அது எங்களிடம் இல்லை என்று கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக் இனம்தான். ரத்தத்தில் பட்டதும் இறுகி அடைத்துக்கொள்ளும். அந்த வேலை நல்லபடியாக முடிந்தது.

கூத்து டிஸ்சார்ஜ் அன்றைக்கு. காலை பத்து மணிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், இன்சூரன்ஸில் இருந்து கேள்வி வந்து நிற்கிறது: 'நோயாளி குடிப்பழக்கம் உள்ளவர்'. எந்தப் புண்ணியவானோ கேஷுவாலிட்டி சீட்டில் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறார்! ஈரல் என்றாலே குடி. கவுன்டரில் இருந்தவர் "அதெல்லாம் மாத்த முடியாதுங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வரும்வரை படிக்கட்டில் காத்திருந்து, கொழுப்பு ஈரல்தான் காரணம் என்று சீலோடு கடிதம் வாங்கினேன். பணம் பாஸாகும்போது மணி ஆறு. அட்மிஷன் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வரச் சொன்ன சீட்டில் 'காலை 9' என்று மட்டும்தான் இருந்தது, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று இல்லை. புளியம்பட்டியில் பஸ் நின்றதும் அப்பா ஒரு காபி குடித்துவிட்டார். "ஏனுங்க, காபி குடிச்சுட்டு வந்தா எப்படிங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் வீடு.

அப்புறம், வைத்த பசை எக்ஸ்ரேயில் வெள்ளைக் கட்டியாகத் தெரியலாம். வேறு டாக்டரிடம் போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை கூடவே கூடாது.

இப்போது அப்பா தினமும் காலையில் பாத்ரூமில் இருந்தே சத்தமாக ரிப்போர்ட் கொடுக்கிறார்: "இன்னைக்கு மஞ்சளுதான் சாமி!" பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.