சிங்கப்பூர் பழகிக்கொண்டிருக்கிறது

இங்கே விடிவதே ஏழு மணிவாக்கில்தான். பிள்ளையை இருட்டோடு பள்ளிக்கு அனுப்புவதுதான் இன்னும் மனசு கேட்கவில்லை. மற்றதெல்லாம் பழகிவிட்டது.

வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், துணி காயப்போடவே ஒரு பக்குவம் வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காதான் சொல்லிக்கொடுத்தார்: உள்ளேயே மூங்கில் கழியில் துணியை மாட்டி, கிளிப் போட்டு, அப்புறம்தான் வெளியே நீட்டணும். ஈரத்துணியோடு நுனி கனக்கும், இரண்டு கையாலும் பிடிக்கணும். எவ்வளவு பொறுமை அவருக்கு!

ஞாயிறானால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை. முருங்கைக்கீரை, வாழைப்பூ எல்லாம் கிடைக்கிறது. "எந்த ஊரும்மா?" என்றார் காய்க்கடை அண்ணன். மன்னார்குடி என்றதும் ஒரு கை கறிவேப்பிலையை அள்ளிப் பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

ஈசூன் பக்கம் புதிதாக வந்த குடும்பங்கள் இருந்தால் உள்பெட்டியில் செய்தி அனுப்புங்க, சேர்ந்தே சந்தைக்குப் போகலாம்.