கணக்கு ரீச்சரின் இடாப்பு

கணக்கு ரீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி கடந்த ஐப்பசியில் வந்தது. யாழ்ப்பாண இடப்பெயர்வு நடந்து முப்பது ஆண்டுகள் நிறைந்த மாதமும் அதுதான். நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டிருந்தது இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிய கட்டுரை. அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ரீச்சரைப் பற்றியே எழுதுகிறேன். பெயர் சொல்லத் தேவையில்லை. நம் பாடசாலையில் கணக்கு ரீச்சர் என்றால் அவர் ஒருவர்தான்.

போர் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரையும் அதைச் சூழ்ந்த வலிகாமத்தையும் விட்டுச் சனம் வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையில் கடந்து வந்த பல லட்சம் பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. அதன்பின், பாலத்துக்கு அப்பாலுள்ள தென்மராட்சியின் பாடசாலைகள் முதலில் அகதிமுகாம்களாகி, சனம் கொட்டில்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் நகர்ந்த பிறகு மறுபடி பாடசாலைகளாகின. காலையில் ஊர்ப் பாடசாலை, பிற்பகலில் இடம்பெயர்ந்து வந்த பாடசாலை என்று ஒரே கட்டடத்தில் இரண்டு நடந்தன. எங்கள் கொட்டில் பக்கத்திலேயே இருந்ததால் என்னைக் காலைப் பாடசாலையில், ஆண்டு 8இல் சேர்த்தார் அப்பா.

எனக்கு அது மூன்றாவது பாடசாலை. சொந்த ஊரான மயிலிட்டியை விட்டுப் போரினால் 1990இல் வெளியேறியபோதே ஒன்று போயிற்று. வலிகாமத்திலேயே வேறோர் இடத்தில் படித்த இரண்டாவது பாடசாலையில் நிவாரணப் பட்டியல் வரும்போதெல்லாம், "இடம்பெயர்ந்த பிள்ளைகள் எழும்புங்கள்" என்பார் ஓர் ஆசிரியர். எழும்புவோம். எண்ணுவார். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். கெட்ட மனிதர் அல்லர், கணக்குச் சரியாக வர வேண்டும் என்பதுதான் அவர் கவலை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு வகுப்புக்குள் நுழைந்தபோது, எப்போது எழும்பச் சொல்வார்கள் என்றுதான் காத்திருந்தேன்.

ரீச்சர் எழும்பச் சொல்லவில்லை. என் வாங்குக்கு வந்து, "தம்பி, பழைய பாடசாலையில் எந்த அலகு வரை படித்தீர்?" என்று மட்டும் கேட்டார். ஒருங்கமை சமன்பாடு தொடங்கியிருந்தோம் என்றேன். "நாங்கள் இன்னும் தொடங்கவில்லை. வியாழக்கிழமை முதல் கணக்கை நீர்தான் செய்துகாட்ட வேண்டும்" என்றார்.

அந்த நாட்களில் கிணற்றடியிலும் சங்கக்கடை வரிசையிலும் கோயில் வாசலிலும் என்னிடம் எல்லோரும் கேட்டது வேறு: எந்த ஊர், வீடு என்ன ஆயிற்று, எதை விட்டுவிட்டு வந்தீர்கள்? அன்பாகத்தான் கேட்டார்கள். பதின்மூன்று வயதுப் பையன் அதே பதிலை நாள்தோறும் சொல்லிச் சொல்லி, இழந்தவற்றின் பட்டியலாகவே ஆகிவிடுகிறான். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டவர் ரீச்சர் ஒருவர்தான். வியாழக்கிழமை x-ஐ நீக்கி y-ஐக் கண்டுபிடித்து வெண்கட்டியைக் கீழே வைத்தபோது வகுப்பு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வகுப்பில் வரவு பதியும் இடாப்பை நினைவிருக்கிறதா? புதிதாக வருபவர்களின் பெயரை அடியில் சேர்ப்பதுதான் எங்கும் வழக்கம். ரீச்சர் ஒரு கொப்பியில் தானே கோடு போட்டு, பழையவர் புதியவர் எல்லோரையும் அகரவரிசையில் கலந்து முழு இடாப்பையும் புதிதாக எழுதினார். கடதாசிக்கு அவ்வளவு தட்டுப்பாடான காலத்தில் செய்தார். நிவாரண விவரங்கள் தனிக் குறிப்பில் அவரிடம் இருந்தன. பட்டியல் வந்தால் தானே நிரப்பிக் கொடுப்பார்.

ஒவ்வொரு புதியவருக்கும் அதே பாதையில் வீடு திரும்பும் ஊர்ப் பிள்ளை ஒருவரைத் துணையாக்கினார். எனக்கு வாய்த்தவன் மட்டுவில்காரன். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், மாரியில் எந்த ஒழுங்கை முழங்கால் வரை நிறையும் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். பாடசாலை விட்ட பின் ரீச்சர் விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருப்பார். பேச விரும்பியவர்கள் அருகே உட்கார்ந்து பேசினோம். விரும்பாதவர்கள் கொப்பிகளை அடுக்கிக் கொடுத்தோம். எதையும் அவர் தோண்டிக் கேட்டதில்லை.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்ததும் வலிகாமத்துச் சனம் திரும்பிப் போயிற்று. எங்கள் ஊர் மயிலிட்டி, சனம் நுழைய முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயமாக இருந்ததால் நாங்கள் போக முடியவில்லை. வகுப்பு பாதியானது. விடைபெறாமல் போனவர்களுக்கு எங்களை ஒரு பாடவேளை முழுவதும் கடிதம் எழுத வைத்து, யாழ்ப்பாணம் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். போகிற பிள்ளைக்கு மட்டுமல்ல, இருக்கிற பிள்ளைக்கும் பிரிவு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1999இல் நான் கனடா வந்தேன். இங்கே ரொறன்ரோப் பாடசாலைகளில் புதிய குடிவரவாளர் பிள்ளைகளுக்கென்று இன்று குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மூத்த மாணவர்கள் பாடசாலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நம்மில் பலர் ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு அயல் நகரங்களான மார்க்கத்துக்கும் ஏஜெக்ஸுக்கும் வீடு மாறும்போது, அந்தப் பிள்ளையைப் புதியவராக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய வீடு, நல்ல பாடசாலை, இனி என்ன கவலை என்று நினைக்கிறோம். வீடு வாங்கும் பேச்சு தொடங்கும்போதே பிள்ளைக்குச் சொல்லுங்கள். பழைய நண்பர்களிடம் விடைபெற நேரம் கொடுங்கள். புதிய பாடசாலையை முன்கூட்டியே நடந்து காட்டுங்கள். மாலையில் "பிடித்திருக்கிறதா?" என்று வற்புறுத்தாமல் பக்கத்தில் இருங்கள்.

நான் வந்த மறு ஆண்டு, 2000இல், போர் தென்மராட்சியை நொறுக்கியது. அதன் நகரமான சாவகச்சேரி இடிபாடானது. எங்களுக்கு இடம் கொடுத்த சனம் வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்தது. நம் பாடசாலையும் அங்கே வேறொரு கட்டடத்தில் பிற்பகலில் நடந்ததாக மட்டுவில் நண்பன் எழுதியிருந்தான். ரீச்சர் அங்கும் புதிய இடாப்பு எழுதினாராம். அந்த வகுப்பில் ஒருவனுக்கு வழித்துணையாக நடக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. வெளிநாடு வந்ததில் நான் இழந்தவற்றுள் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

ரீச்சர் பெயரில் சங்கம் நிதியம் தொடங்கவிருப்பதாக அறிகிறேன். முதலாம் பிள்ளைக்குத் தங்கப்பதக்கம் கொடுக்க நமக்கு வேறு நிதியங்கள் உண்டு. இதைத் தவணை நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம்: சீருடை, பஸ் பயணச் செலவு, அவர்களைப் பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியருக்குச் சிறு கொடுப்பனவு. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.